தலைகீழாய் ஒட்டிய பேட்

“அப்பா, தேய்ச்சா கீறல்தானே விழும்? கண்ணாடி மட்டும் எப்படிப் பளபளன்னு ஆகுது?”

மகள் ஆறு வயதில் கேட்டது. “மெத்துமெத்துன்னு தேய்க்கணும் கண்ணு” என்றேன். தொழிற்சாலையிலும் எல்லாரிடமும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். என் பிழைப்பே அதுதான்: கண்ணாடிக்குக் கடைசி மெருகு போடும் பேட்டுக்கு நல்ல பொருள் தேடுவது. மெஷினில் ஒட்டித் தேய்க்கும், நுண்துளைகள் நிறைந்த மெத்தை போன்ற வட்டத் துண்டு அது. பதினோரு கலவை வார்த்துப் பார்த்தும், கண்ணாடியில் முடி போன்ற ஒரு கீறல் விழுவது நிற்கவில்லை.

மெஷின் ஓட்டும் அக்கா எந்தப் பேட்டையும் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் ஒட்டுவார். அதனால் எல்லாருக்கும் அவர் கன்னத்தக்கா. பன்னிரண்டாவது பேட்டை அவர் தலைகீழாக ஒட்டியிருந்ததை, ஓட்டி முடித்த பிறகே கவனித்தேன்.

“மேல எது, கீழ எதுன்னு தெரியாதா? நாளைக்குச் சட்டையையும் திருப்பிப் போட்டுட்டு வருவீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள்.

“இல்ல சார், மேல்பக்கம் கன்னத்துல உறுத்துச்சு. அதான்...”

“கன்னத்தை வீட்ல வச்சுட்டு வாங்க.”

தவறுப் பதிவேட்டில் அவர் மேல் ஒரு வரி எழுதினேன்.

மாலையில் கண்ணாடியை விளக்கடியில் பிடித்தேன். ஒரு கீறல்கூட இல்லை. வார்க்கும்போது பேட்டின் மேல்பக்கம் காற்றுப் பட்டுக் கெட்டித் தோல் கட்டியிருந்தது; இத்தனை நாள் கீறியது அதுதான். அடிப்பக்கத் துளைகள் திறந்தே இருந்தன. ‘அடிப்பக்கமே சிறந்தது என்று கண்டறிந்தேன்’ என அறிக்கை எழுதி மேலாளர் மேசையில் வைத்தேன். பதிவேட்டை நான் தொடவில்லை. மறுநாள் பதிவேட்டைப் பார்த்து அக்காவைப் பேட் கழுவும் தொட்டிக்கு மாற்றினார்கள்.

ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். தண்ணீரில் ஊறி அவர் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

“புதுப் பேட் நல்லா வந்துடுச்சாமே சார்? சந்தோஷம். நம்ம பாப்பாகிட்டச் சொல்லுங்க, கீறல் விழாமலும் தேய்க்கலாம்னு.”

குத்தலே இல்லாமல் சொன்னார். அதுதான் என்னைக் கூசவைத்தது. கண்ணாடியிடம் காட்டிய மென்மையில் ஒரு துளியை நான் இவரிடம் காட்டியிருக்கலாம்.

மதிய உணவுக்கு எல்லாரும் போயிருந்தார்கள். அறிக்கை இன்னும் படிக்கப்படாமல் மேலாளர் மேசையில்தான் கிடந்தது. ‘கண்டறிந்தேன்’ என்பதை அடித்து, ‘மெஷின் ஓட்டும் அக்கா கன்னத்தில் வைத்துப் பார்த்துக் கண்டறிந்தார்’ என்று எழுதினேன். பதிவேட்டில் அவர் மேல் எழுதிய வரியையும் அடித்து, ‘தவறு என்னுடையது; இவரை மெஷினுக்கே அனுப்பவும்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டையும் சேர்த்து அதே மேசையில் வைத்தேன்.

பிறகு மூலையில் கிடந்த அக்காவின் முக்காலியைத் துடைத்து, மெஷின் முன்னால் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் வெளியே வந்தேன்.