கொட்டை எழுத்தில் ஒரு பெயர்

திருமலைக்கு முடி காணிக்கை செலுத்தப் போன இடத்தில் நகரி ஊர்க்காரி சுலோசனா தன் புருஷனைத் தொலைத்துவிட்டாள். ஆதிநாராயணன் தறி நெய்கிறவன். பள்ளிக்கூட வயதில் வந்த காய்ச்சலில் காதும் பேச்சும் போயின. தறியில் பார்வையும் மங்கிவிட்டது. கடைப் பலகை அளவு எழுத்தென்றால்தான் படிப்பான். மொட்டையடிக்கிற வரிசையில் நின்றவனைக் காணவில்லை. மலையிலும் கீழே திருப்பதியிலும் சத்திரம் சத்திரமாகத் தேடினாள். கூப்பிட்டால் திரும்புகிற ஆளில்லையே. நோட்டீஸ் ஒட்டலாம் என்று தோன்றியது. திருப்பதி அச்சகங்களில் அத்தனை பெரிய தமிழ் எழுத்து இல்லை என்றதும் சித்தூருக்கு பஸ் ஏறினாள்.

அச்சகக்காரர் நாகபூஷணம் மர எழுத்து ஒன்றை எடுத்துக் காட்டினார். கோடுகள் கட்டைவிரல் தடிமன். ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் ஆணித்தலை போலச் சின்னக் கொண்டை.

"தூரத்துக்கு இதுதாம்மா. ஆனா அங்க அடையாளமெல்லாம் இதுல அடிச்சா ஒரே கருப்பா அப்பிக்கும். ரெண்டு மூணு வார்த்தைதான் தாங்கும். பேரு இன்னா?"

புருஷன் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "ஆதி" என்றாள். "ஆதி, இங்கே நில். அவ்ளோ போதும். ஒட்டின எடத்தையெல்லாம் நான் சுத்திக்கினே இருப்பேன்."

நாகபூஷணம் எழுத்துப் பெட்டியைத் துழாவிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஆ ஒண்ணுதான், தி ரெண்டு. எல்லாம் மெஷின்ல மாட்டிக்கினு கீது."

மெஷினில் எல்லைப் போராட்டச் சுவரொட்டி ஓடிக்கொண்டிருந்தது: 'ஆந்திராவுக்கா திருத்தணி?' அதை வாங்கிப் போக வந்த கமிட்டிக்காரர் சிவசங்கரன் பெஞ்சில் இருந்தார். சுலோசனா அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணா, அந்த எழுத்தக் குடுங்க."

"நாளைக்கு மீட்டிங்மா. எந்தப் பக்கம் போவோம்னு தெரியாம ஊரே அல்லாடிக்கினு கீது. அடிச்சு முடிய விடிஞ்சிடும், அப்புறம் எடுத்துக்க."

"பசிக்குதுன்னு கேக்கக்கூட வாய் இல்லண்ணா அவருக்கு. பின்னால ரயிலு வந்தாலும் தெரியாது. நாளைக்கி வரிக்கும்..." தலையைத் தரையில் முட்டினாள்.

சிவசங்கரன் பதறி எழுந்தார். அச்சாகிக் கிடந்த தாள்களைப் பார்த்தார். பாதிகூட ஆகவில்லை.

"மெஷின நிறுத்துய்யா," என்றார். "எங்களுக்கு இது போதும்."

மை காயுமுன் அவள் திருப்பதி பஸ்ஸில் இருந்தாள். பஸ் ஸ்டாண்டு, கோயில் வாசல், மலையடிவாரம், ரயிலடி, பக்கத்து ரேணிகுண்டா ஸ்டேஷன் என்று ஒட்டினாள். பிறகு அந்த இடங்களையே சுற்றிச் சுற்றி வந்தாள். சோறு இறங்கவில்லை. ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு மறுபடி போனபோது அவள் நோட்டீஸின் மேலேயே யாரோ சினிமா நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

புழுதி படிந்த மொட்டைத்தலைக்காரன் ஒருவன் அந்தத் தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பைத்தியம் போலிருக்கிறது என்று விலகி நடந்தவள், சுவரைத் திரும்பிப் பார்த்தாள். சுரண்டிய இடத்தில் 'ஆ' முழுசாக வெளியே வந்திருந்தது.

ஓடிப்போய் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஆதிநாராயணன் அவள் முகத்தருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தான். பிறகு, எங்கே போனாய் என்பதுபோல் அவள் கையில் ஓங்கி ஓர் அடி வைத்தான். அவன் நகம் பெயர்ந்து இரத்தம் கசிந்தது. அந்தச் சுவரடியிலேயே நின்று நின்று கால்கள் வீங்கியிருந்தன. முந்தானையைக் கிழித்து விரல்களைக் கட்டும்போதுதான் சுலோசனா வாய்விட்டு அழுதாள். நகரி வழியாகப் போகும் வண்டியில் அவனைத் தூக்கி ஏற்ற ஒரு போர்ட்டர் கை கொடுத்தார்.