நடுச்சுவரும் பேஸ் பெட்டியும்

சப்வூஃபர் என்கிற பேஸ் பெட்டியைச் சோபாவில் உட்கார வைத்துவிட்டு நான் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் சரியாக விழும் இடத்தைக் கண்டுபிடிக்க எங்கள் தொழிலில் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆள் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்து, பெட்டி வைக்கத் தோதான மூலைமுடுக்குகளுக்கெல்லாம் நம் காதைக் கொண்டுபோக வேண்டும். எந்த இடத்தில் அடி நெஞ்சுக்குள் இறங்குகிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் சோபாவில் இருப்பவருக்கும் அப்படியே இறங்கும். பெட்டி தரையில் இருக்கப்போகிறது என்பதால் காதும் தரையோடு போக வேண்டும். குழந்தை கொஞ்ச நாள் தவழ்ந்துவிட்டு எழுந்து நடந்துவிடுகிறது. நான் என் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகும் ஊர் ஊராகத் தவழ்கிறேன்.

“ஏந்தம்பி, என்னத்தத் தொலைச்சீக?” என்று அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டார் வீட்டுக்கார அம்மா நாகஜோதி.

“முட்டியத்தான்க்கா” என்றேன்.

கூடலூரில் சீனிச்சாமி அண்ணன் வீட்டுக்கு இது எனக்கு மூன்றாவது நடை. பழனிசெட்டிபட்டியில் கடையைப் பூட்டிவிட்டு, கம்பம் தாண்டியதும் முகத்தில் அறையும் ஆடிக் காற்றில் வண்டியை உருட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். முதல் தடவை பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, எல்லாம் சரிபார்த்துவிட்டுப் போனேன். இரண்டாம் தடவை வந்தபோது பெட்டி தானாக இடம் மாறியிருந்தது. டிவிக்கு நேர் எதிரே, சோபாவுக்குப் பின்னால், நடுச்சுவரை ஒட்டி உட்கார்ந்திருந்தது. வயர் தரையில் நீளமாகக் கிடந்தது. ஏன் என்று கேட்டதற்கு, “அங்கனதான் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். திராட்சைத் தோட்டமும் தென்னந்தோப்புமாக இருக்கிற மனிதர், தன் வீட்டில் தன் பெட்டியை எங்கே வைத்தால் எனக்கென்ன என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது திரும்பவும் கூப்பிட்டிருக்கிறார்.

“தம்பி, இம்புட்டுப் பெரிய பெட்டி. முழுசாத் திருகிவிட்டாலும் நெஞ்சுல ஒண்ணும் அடிக்க மாட்டேங்குது. கடகடன்னு எங்குட்டோ ஒரு எரைச்சல் வேற. என்னத்த வித்த நீயி?” என்று வந்ததுமே பிடித்துக்கொண்டார். வந்த களைப்போடு பெட்டியைத் தூக்கிச் சோபாவில் வைத்தேன். முட்டி போட்டுவிட்டேன்.

கோளாறு பெட்டியில் இல்லை. அது ஒரு காலத்தில் நீளமான பட்டாசாலை, வீட்டின் பெரிய கூடம். நடுவில் உள்கூடான ஹாலோபிளாக் கல்லை வைத்துச் சுவர் எழுப்பி இரண்டாக்கிவிட்டார்கள். அதனால் இந்தப் பாதி, நீளமும் அகலமும் ஒன்றாக, சச்சதுரமாகிவிட்டது. சதுர அறை பேஸுக்கு ஆகவே ஆகாது. சத்தம் சுவருக்குச் சுவர் முட்டித் திரும்பி, ஓரங்களில் போய்க் குவிந்துவிடும். நட்டநடுவில் ஒன்றும் இருக்காது. இவரோ சோபாவைச் சரியாக நட்டநடுவில் போட்டு வைத்திருக்கிறார். பின்னால் நடுச்சுவர் வரைக்கும் அவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது. அந்தச் சுவரில் ஒரு காலண்டர்கூட இல்லை. வெள்ளையடித்ததோடு சரி.

தோட்டத்தில் மோட்டார் நின்றுவிட்டதாகப் போன் வந்து அண்ணன் வாசலுக்குப் போனார். நாகஜோதி அக்கா காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்.

“தம்பி, அவுக படம் பாக்கவா இதை வாங்குனாக? அந்தப் பக்கம் இருக்கிறவள கெளப்பத்தான் வாங்குனாக. நீங்க என்னடான்னா தரையில உருண்டுக்கிட்டுக் கெடக்கீக.”

அக்கா சொல்லித்தான் தெரிந்தது: அந்தப் பக்கம் இருப்பது அண்ணனின் கூடப்பிறந்த தங்கச்சி கருத்தம்மாள். புருஷன் தவறிப்போன பிறகு பிறந்த வீட்டில் பங்கு கேட்டிருக்கிறார். கேட்டதே குற்றம், கோர்ட்டுக்குப் போய் வாங்கியது அதைவிடப் பெரிய குற்றம். பாதி வீடு தங்கச்சிக்குப் போன அன்றைக்கே சுவர் எழும்பிவிட்டது. அதற்கப்புறம் பேச்சு இல்லை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் போகவில்லை; மணமேடையில் மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரோ நின்றார்களாம். இப்போது அந்தப் பாதியை விற்றுவிட்டு அவள் போய்விட வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. வாயால் சொன்னால் கேஸ் ஆகிவிடும். பெட்டி சொன்னால் யார் என்ன கேட்க முடியும்?

“அவ வெள்ளன எந்திரிச்சு ஏலக்காத் தோட்டத்துக்குக் கூலிக்கு ஜீப்புல போறவ. பொழுது சாயவும் படுத்தாத்தான் ஆச்சு. இவுக அந்த நேரம் பாத்துப் போடுவாக. அவளும் அசையக் காணோம். எனக்குத்தான் அடுப்படியில சட்டிபொட்டியெல்லாம் ஆடி மண்டை வலிக்குது.” நாகஜோதி அக்கா டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

குடித்த காப்பி நாக்கில் கசந்தது. தோட்டத்துக்காரர்கள், ஏலக்காய் வியாபாரிகள், மகன் வெளிநாட்டில் இருக்கிற பெரிய மனுசர்கள் என்று எத்தனையோ வீடுகளில் பெட்டி பூட்டியிருக்கிறேன். ஒருவரைத் தூங்கவிடாமல் அடிக்க என்று எதையும் பூட்டியதில்லை. ஆனாலும் வேலையை முடித்துக் கொடுக்காமல் போக முடியாது. சத்தம் வரவில்லை என்றால் கெட்ட பேர் பெட்டிக்கு இல்லை, எனக்குத்தான்.

அண்ணன் திரும்பி வந்ததும், “அந்த எரைச்சல் இங்கன இல்லண்ணே, செவுத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஆடுது. போய்ப் பாத்தாத்தான் தெரியும்” என்றேன். உண்மைதான். சுவரில் காதை வைத்தபோது பாத்திரம் ஏனம் அதிர்வது கேட்டது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. “போ. நான் சொன்னேன்னு சொல்லாத” என்றார். பெட்டியைப் பழையபடி நடுச்சுவரோரம் இறக்கி வைத்து, சோதனைச் சத்தத்தை ஓடவிட்டு, நான் வரும்வரை நிறுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தெருவைச் சுற்றிப் போனேன்.

பழைய வாசல் அண்ணன் பங்குக்குப் போய்விட்டதால், தங்கச்சி ஒரு ஜன்னலை இடித்து வாசலாக்கியிருந்தார். ஜீப்பிலிருந்து இறங்கிச் சற்று நேரம்தான் ஆகியிருக்க வேண்டும். தலையில் கட்டிய துண்டை இன்னும் அவிழ்க்கவில்லை. மேல்சட்டையில் ஏலக்காய் வாசம். விஷயத்தைச் சொன்னேன்.

“ஓ, நீங்கதான் அந்த டொம்முக்காரரா? வாங்க தம்பி” என்றார். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை. கோபப்படத் தெம்பில்லாத குரல் அது. எனக்கும் அதே குரல்தான் என்பதால் புரிந்தது.

அந்தப் பக்கத்து நடுச்சுவருக்குப் பூச்சு இல்லை. கல்லும் சாந்தும் தெரிந்தன. சுவரை ஒட்டிய அலமாரியில் எவர்சில்வர் ஏனங்கள் ஒன்றோடொன்று உரசிக் கடகடத்தன. அவற்றுக்கு இடையே துணியை மடித்துச் செருகினேன்; இரைச்சல் நின்றது. ஆனால் உறுமல் நிற்கவில்லை. சுவரோரம் நின்றால் பல்லுக்குள் கூசியது. இதற்குள் ஒரு மனுஷி எப்படிப் படுக்கிறாள் என்று திரும்பிப் பார்த்தபோதுதான் பாயைக் கவனித்தேன். கட்டில் ஓரமாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. பாய் அறையின் நட்டநடுவில், நடக்கிற வழியில், விரித்துக் கிடந்தது. மேலே ஃபேன் இல்லை. ஒரு டேபிள் ஃபேனை அதன் வயர் எட்டுகிற மட்டும் இழுத்துப் பாயருகே வைத்திருந்தார். யாரும் படுக்கிற இடமே இல்லை அது.

செருப்பை ஏற்கெனவே கழற்றியிருந்தேன். பாயின் மேல் போய் நின்றேன். உறுமல் அடங்கிவிட்டது. ஓரடி தள்ளினால் வந்தது. திரும்பப் பாய்க்கு வந்தால் போய்விட்டது.

“நானும் ஒரு வாரம் பாய இழுத்துக்கிட்டே திரிஞ்சேன் தம்பி. அடுப்பு ஓரம், கதவு ஓரம், சாமி படத்துக்குக் கீழ. எங்கன போட்டாலும் நெஞ்சுமேல ஏறி உக்காருது. இந்த ஒரு எடத்துலதான் அதுக்கு வர வழி தெரியல.” கருத்தம்மாள் அக்கா துண்டை அவிழ்த்து உதறினார். “அண்ணனுக்காச்சும் நல்லாக் கேக்குதா?”

“இல்லக்கா. அவரும் நடுவுலதான் உக்காந்திருக்காரு. அவருக்கும் ஒண்ணும் கேக்கல.”

 அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு, சுவரைப் பார்த்து, சத்தம் வராமல் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் ஓய்ந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “பாவம்” என்றார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை.

“எனக்குப் போக எடம் இல்ல தம்பி. மக வீட்டுல ரெண்டு நாளைக்கு மேல தங்குனா மரியாதை இல்ல. நான் இங்கன படுக்குறது மட்டும் அண்ணனுக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா பெட்டிய மாத்தி வச்சிருவாக.”

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வரும்போதே கணக்கு ஓடியது. அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் பெட்டியை மாற்றினால் அண்ணனின் சோபாவுக்குப் பேஸ் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் பெட்டி நகர்ந்தால் சத்தம் விழும் இடங்களெல்லாம் நகரும்; தங்கச்சியின் பாய்க்கும் வந்துவிடும். பெட்டியைத் தொடாமல் அண்ணனை நகர்த்துவது ஒன்றுதான் வழி.

“எரைச்சல் போச்சுண்ணே. பேஸ் வேணும்னா சோபாவப் பின்னாடி தள்ளணும். செவுத்த ஒட்டி.”

“எந்தச் செவுத்த?”

“இந்தா, இதத்தான்.”

“அதுல போய் நான் சாயவா?” என்றார். சுவரை ஏதோ கடிக்கிற பிராணியைப் போலப் பார்த்தார்.

“வேற எடமே இல்லண்ணே. தவந்து பாத்தாச்சு” என்றேன். கூசாமல் பொய் சொன்னேன். அடுப்படிப் பக்கம் என் கண் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

 அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோபாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். பெட்டியை நகர்த்தாமல், அதற்குப் பக்கத்தில் சோபாவைச் சுவரோடு சேர்த்தோம். உட்கார்ந்தார், ஆனால் சாயவில்லை. நுனியில், பஸ்ஸில் சீட்டுக் கிடைத்தும் நம்பாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பாட்டைப் போட்டேன். முதல் அடிக்கே அவர் முகம் மாறியது. இரண்டாவது அடிக்கு முதுகு தானாகப் பின்னால் போய்ச் சுவரில் பட்டது.

“அடேயப்பா” என்றார்.

நான் வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். பாட்டு பாதியில் இருந்தது. வேலை முடிந்தது, போகலாம் என்றுதான் நினைத்தேன்.

“அங்கனயும் இப்படித்தான் அடிக்குதா?” என்று சத்தத்துக்கு மேலே கேட்டார்.

“இதவிட மோசம்ணே. ஏனமெல்லாம் குதிக்குது. பல்லு கூசுது. மனுசன் இருக்க முடியாது.”

அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சுவரோடு சாய்ந்தபடியே ஒவ்வொரு அடியையும் முதுகில் வாங்கிக்கொண்டிருந்தார். தோள் அதிர்ந்தது. நெற்றியில் வேர்த்திருந்தது. அடுப்படியில் நாகஜோதி அக்கா ஏதோ கேட்டார். இவர் காதில் விழவில்லை.

பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் ஒரு சின்ன அமைதி. அந்த அமைதியில், சுவருக்கு அந்தப் பக்கம், இருமல் கேட்டது. ஹாலோபிளாக் சுவர், அதில் முதுகு சாய்த்திருப்பவருக்கு இன்னும் நன்றாகக் கேட்டிருக்கும்.

“தம்பி” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. “அவ எங்கன படுக்குறா?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பெட்டியை எங்கே திருப்புவது என்று கேட்கிறாரா, தங்கச்சி எப்படித் தூங்குகிறாள் என்று கேட்கிறாரா, அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

“கவனிக்கலண்ணே” என்றேன்.

அடுத்த பாட்டு தொடங்கியது. அவர் தலையைத் திருப்பி, கன்னத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டார். கையில் ரிமோட் இருந்தது. கட்டை விரல் சத்தத்தைக் கூட்டும் பொத்தானுக்கும் குறைக்கும் பொத்தானுக்கும் நடுவில், எதையும் அழுத்தாமல், சும்மா தடவிக்கொண்டிருந்தது.