தலைகீழ் வாக்கியங்கள்

சாய்ரா என்னைவிட ஒன்றரை வருடம் கழித்துத்தான் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். ஆனால் எங்கள் கைடு செம்பியன் சார் வாயைத் திறந்தால் அவள் பெயர்தான். "சாய்ராவப் பாரு சந்திரலேகா" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் செம்மண்டலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி சிதம்பரம் வருகிறவள். அவள் பரங்கிப்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, வேர்க்காத முகத்தோடு எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. ஆன்லைனில் படிக்கும் கல்லூரி மாணவர்கள், வாத்தியார் எதிரில் இல்லாதபோது தங்களைத் தாங்களே எவ்வளவு கட்டுப்படுத்திப் படிக்கிறார்கள் என்று அளப்பது. நான் நேரத்தைத் திட்டமிடுவதை அளந்தேன், அவள் கவனத்தை. மாணவர்களை இரண்டு முறை தொல்லை செய்ய வேண்டாமென்று சார் ஒரே படிவமாகப் போடச் சொன்னார். முதல் பக்கம் என்னுடைய இருபது வாக்கியங்கள், அடுத்த பக்கம் அவளுடைய இருபத்து நான்கு. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போட வேண்டும். ஒன்று என்றால் 'இல்லவே இல்லை', ஐந்து என்றால் 'எப்போதும்'.

மூன்று வாரம் நான் கெஞ்சியதில் நாற்பத்தோரு பேர்தான் நிரப்பினார்கள். சாய்ரா ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டாள். ஐந்தே நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு. எனக்கும் சேர்த்துத்தான் அந்த லாபம், சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

டெல்லிக் கருத்தரங்குக்கு ஒருவர்தான் போகலாம். வெள்ளிக்கிழமை இருவரும் முடிவுகளைச் சொல்ல வேண்டும், சார் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். நாலு வருடமாக நான் எங்கும் போனதில்லை. இதையும் விட்டால் தீசிஸைக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

புதன்கிழமை மதியம் சாய்ரா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். வாக்கியங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று காட்டும் எண் ஒன்று உண்டு. அது 0.7-ஐத் தாண்டினால்தான் அளவுகோல் தேறும். என்னுடையது 0.86. அவளுடையது 0.41.

"ரெண்டு நாளா பாக்குறேன்க்கா, எங்க தப்புன்னே தெரியல. நீங்க ஒரு தடவ பாருங்க."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அரை நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய வாக்கியங்களில் ஆறு தலைகீழானவை. 'வகுப்பு ஓடும்போதே ரீல்ஸ் பார்ப்பேன்' என்பதற்கு ஐந்து போட்டவன் கவனமாகப் படிக்கிறவன் இல்லை. அந்த ஐந்தை ஒன்றாகத் திருப்பிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கும் விஷயம். சாரின் செல்ல சாய்ரா அதை மறந்திருந்தாள். சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும்.

"உன் மேல தப்பு இல்ல," என்றேன். "பசங்க படிச்சே பாக்காம இஷ்டத்துக்கு டிக் அடிச்சிருக்காங்க. டேட்டாவே சரியில்ல."

அவள் நம்பினாள். கண் கலங்க நன்றி சொல்லி, தன் டிபன் பாக்ஸிலிருந்து பெரிய மீன் துண்டாகப் பார்த்து எனக்கு வைத்தாள். நான் அதையும் சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை முதலில் நான் பேசினேன். சார் நன்றாக வந்திருக்கிறது என்றார். நாலு வருடத்தில் முதல் தடவை. டெல்லிக் குளிருக்கு யாரிடம் ஸ்வெட்டர் வாங்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். அடுத்து எழுந்த சாய்ரா எதையும் மறைக்கவில்லை. 0.41 என்று சொல்லிவிட்டு, சந்திரலேகா அக்காதான் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், மாணவர்கள் படிக்காமலே டிக் அடித்திருக்கிறார்கள், தரவை மறுபடியும் எடுக்க வேண்டும் என்றாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "அதே பசங்க, அதே ஃபார்ம். உன் பக்கத்த மட்டும் படிச்சுப் பாத்து போட்டாங்களாம்மா?"

அவர் பதிலுக்குக் காத்திராமல் சாய்ராவின் கோப்பைத் திரையில் திறந்தார். பெரும்பாலான வாக்கியங்களுக்குக் கீழே நாலும் ஐந்தும். ரீல்ஸ் வாக்கியத்தையும் சேர்த்து ஆறுக்குக் கீழே மட்டும் ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று. படிக்காமல் அடித்தவன் இப்படி இடம் பார்த்து மாற்றிப் போட மாட்டான். சார் சிரித்துவிட்டார். சாய்ரா தலையில் அடித்துக்கொண்டு, அங்கேயே ஆறு வாக்கியங்களின் மதிப்பெண்களையும் திருப்பிப் போட்டாள். 0.91 வந்தது. என்னுடையதைவிட அதிகம். அந்த நேரத்திலும் நான் அதைத்தான் கவனித்தேன்.

"நாலு வருஷமா இதுல இருக்க. உனக்குமா தெரியல?" என்றார் சார்.

"அவசரத்துல அக்காவுக்கும் கண்ணுல பட்டிருக்காது சார்," என்றாள் சாய்ரா.

தலையை ஆட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அவள் கோட்டைவிட்டதை நானும் கோட்டைவிட்டேன் என்று சார் நினைப்பதா? அதை என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் என்னை உண்மை சொல்லவைத்ததும் அந்த வயிற்றெரிச்சல்தான்.

"தெரியும் சார். புதன்கிழமையே தெரியும்."

டெல்லிக்கு அவள் போனாள். போகும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், என்னிடமும் சொன்னாள். "போய்ட்டு வரேன்" என்றாள். அக்கா என்று மட்டும் சொல்லவில்லை.