நாற்பத்திரண்டு சரியான அட்டவணைகள்

1

இந்தக் கதை என் கைத்தவறில் பிறந்தது. மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கான உயிரியல் வழிகாட்டி ஒன்றில், மரபியலின் அடிப்படைகள் என்ற பாடத்தை எழுதியவன் நான். அதில் ஒரு வரி: "பெற்றோர் இருவருக்கும் காதுமடலின் நுனி கன்னத்தோடு ஒட்டியிருந்தால், பிள்ளைகள் அனைவருக்கும் அவ்வாறே ஒட்டியிருக்கும்." எழுதும்போதே அது சரியில்லை என்று எனக்குத் தெரியும். காதின் வடிவத்தை ஒரே ஒரு மரபணு தீர்மானிப்பதில்லை. பல மரபணுக்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. ஆனால் மூன்று மதிப்பெண் கேள்வியின் விடையில் அதற்கெல்லாம் இடமில்லை.

மேலே கைத்தவறு என்று எழுதியதை அடித்துவிடுங்கள். தெரிந்தேதான் செய்தேன்.

ஒரு வருடம் கழித்து, அந்தப் பாடத்தை நடத்திய டீச்சர் ஒருவர் எனக்குக் கடிதம் போட்டார். மொத்தம் ஒன்பது வரி. இங்கே நீங்கள் படிக்கப்போகும் மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

(இதற்குள் உங்கள் விரல் காதுக்குப் போயிருக்கும். தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "மழை விட்டிருந்த அந்த மாலையில் டீச்சர் ஜன்னலோரமாக" — வேண்டாம். எனக்கு எதுவும் ஓடாதபோதெல்லாம் மழையைக் கூப்பிடுகிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "தான் தன் அப்பாவின் மகள் இல்லை என்று முடிவு செய்தபோது குருவிக்கு வயது பதினேழு." கேட்க எடுப்பாக இருக்கிறது. அந்தப் பெண்ணின் துயரத்தைக் காட்டி நான் கைதட்டல் வாங்குவதுபோலவும் இருக்கிறது. வெட்கமாகிவிட்டது, அடித்துவிட்டேன்.

ஆகவே பெற்றோர் கூட்டத்தில் தொடங்குகிறேன்.

3

குருவி என்று வகுப்பே கூப்பிடும் அந்தப் பெண்ணோடு வந்திருந்தவர் அவளுடைய அப்பா, வெல்டர். கம்பளித் தொப்பியைக் காதுக்குக் கீழே வரை இழுத்து விட்டிருந்தார். அறையில் ஃபேன் ஓடவில்லை. அவர் கழுத்தெல்லாம் வேர்வை.

"உடம்பு சரியில்லையா, சார்?" என்று கேட்டார் டீச்சர்.

"அதெல்லாம் இல்லீங்க. காத்து அடிக்குது, காதை மூடிக்கிட்டுத்தான் வரணும்னு இவதான் ஒரே பிடிவாதம். அப்பா மேல அவ்வளவு அக்கறை." அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படியொரு பெருமை.

குருவி தலையைத் தூக்கவில்லை. மதிப்பெண் அட்டையில் கையெழுத்துப் போடக் குனிந்தவருக்கு வேர்வை கண்ணில் இறங்கியது. தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

"அப்பா, போட்டுக்கோங்கப்பா."

"இரும்மா, வேகுது."

டீச்சர் பார்த்துவிட்டார். வெல்டரின் காது நுனி கன்னத்தோடு ஒட்டியிருந்தது. குருவிக்குத் தனியாகத் தொங்கியது. மூன்று வாரத்துக்கு முன் செய்முறைக்காக அவள் கொடுத்த குடும்ப அட்டவணையில் அம்மா: ஒட்டியது, அப்பா: தொங்குவது என்று இருந்தது. பத்துக்குப் பத்து போட்டு, சிவப்பு மையில் 'மிக நன்று' என்றும் எழுதியவர் டீச்சர்தான்.

(வெல்டர் மீது எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு வெள்ளந்தியாக ஓர் அப்பா இருப்பாரா? இன்னொரு வரைவில் அவரும் அட்டவணையைப் பார்த்துவிடுகிறார், வீட்டில் பாத்திரங்கள் பறக்கின்றன. அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போய்விட்டது. அவருக்கு ஒன்றும் தெரியவேண்டாம்.)

4

மறுநாள் ஆய்வுக்கூடத்தில், மற்றவர்கள் போனபின், டீச்சர் கேட்டார்.

"அப்பா காதை ஏம்மா மாத்தி எழுதின?"

"வேற என்ன மிஸ் எழுத? ஒட்டின காது ஒடுங்கு பண்பு. ரெண்டு பேர்கிட்டயும் அதுதான் இருக்குன்னா, தொங்கற காது, அந்த ஓங்கு பண்பு, எனக்கு எங்கேருந்து வரும்? நீங்கதானே போர்டுல கட்டம் போட்டுக் காட்டினீங்க."

"அம்மாகிட்ட கேட்டியா?"

"எப்படி மிஸ் கேக்கறது? மூணு வாரமா அவங்க மூஞ்சியையே நிமிந்து பார்க்கல. அப்பா ஏதாச்சும் ஆசையா வாங்கிட்டு வந்தா தொண்டையில இறங்க மாட்டேங்குது. அவருக்குத் தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு."

"இங்க பாரு. அந்த விதி தப்பு. காது ஒரே மரபணு விஷயம் இல்ல. ஒட்டின காது இருக்கறவங்களுக்குத் தொங்கற காதோட பிள்ளை பிறக்கும். நிறையப் பிறக்கும்."

"போன மாசம் தப்பில்ல, இன்னைக்குத் தப்பா?"

"அன்னைக்கும் தப்புதான். பரீட்சைக்கு இது போதும்னு விட்டுட்டேன்."

"எனக்காகச் சொல்றீங்க. பரவாயில்ல மிஸ்" என்று குருவி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பொய்யை ஒரே மூச்சில் நம்பிய பிள்ளை, உண்மையை ஆறுதல் என்று நினைத்துவிட்டது. டீச்சர் அழுதார். நானாக இருந்தாலும் அழுதிருப்பேன்.

5

அழுது முடித்து, நாற்பத்திரண்டு செய்முறை நோட்டுகளையும் மேசையில் பரப்பினார். வேறு ஒரு வீட்டிலாவது விதி பிசகியிருந்தால் அதைக் குருவியிடம் காட்டலாம் என்பது அவர் எண்ணம்.

ஒன்றுகூடப் பிசகவில்லை. அப்பா, அம்மா, அக்கா, தம்பி, அத்தனை காதும் பாடத்துக்குப் பணிந்து நின்றன. முன்பு இதைப் பார்த்து, நன்றாக நடத்தியிருக்கிறோம் என்று டீச்சர் பூரித்திருந்தார்.* இப்போது ஒவ்வொன்றாக மறுபடி புரட்டினார். உண்மையான நாற்பத்திரண்டு வீடுகள் இவ்வளவு ஒழுங்காக இருக்காது. திருத்தியது குருவி ஒருத்தி மட்டும் இல்லை. எத்தனை பிள்ளைகள் வாயே திறக்காமல் அப்பாவின் காதையோ அம்மாவின் காதையோ மாற்றிவிட்டு, பத்துக்குப் பத்து வாங்கிக்கொண்டு, வீட்டில் தலைகுனிந்து நடக்கிறார்கள்?

* கடிதத்தில் இந்த வாக்கியம் அப்படியே இருந்தது. 'நான்' என்பதை 'டீச்சர்' ஆக்கியது தவிர, வேறெதையும் தொடவில்லை.

6

அடுத்த வகுப்பில் டீச்சர் அந்தக் கட்டத்தை மறுபடி போர்டில் போட்டு, அழித்தார். "இந்தப் பாடம் தப்பு. எழுதினவருக்கும் தெரிஞ்சிருக்கும், எனக்கும் தெரியும். என்னை மன்னிச்சிடுங்க" என்றார்.

"எல்லாரும் கண்ண மூடுங்க. அட்டவணையில யார் காதையாவது மாத்தி எழுதினவங்க மட்டும் கை தூக்குங்க. யாரும் பார்க்க மாட்டாங்க. நான் மட்டும்தான். சத்தியம்."

முதலில் குருவியின் கை உயர்ந்தது. வெகுநேரம் அது ஒன்றுதான். பிறகு கடைசி வரிசையில் ஒன்று. பிறகு—

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எண்ணிக்கையை டீச்சர் வாயால் சொன்னால் குருவி நம்பமாட்டாள். விதியைச் சொன்னதும் அதே வாய்தான். கண்ணைத் திறக்கச் சொன்னால் அவள் தன் கண்ணாலேயே பார்ப்பாள், இன்றைக்கே அம்மாவின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள். ஆனால் சத்தியத்தை நம்பிக் கை தூக்கிய மற்ற பிள்ளைகள்? அவர்களில் ஒரு வீட்டில் சங்கதி வெறும் காதோடு நிற்காமலும் இருக்கலாம்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் குருவி மீளவில்லை. இரண்டாவதில் கடைசி வரிசைப் பையன் மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. கடிதமும் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, அவர் என்ன செய்தார் என்று எழுதவில்லை. ஒரு வரியை எழுதி இவ்வளவும் செய்தவன், இந்தக் கடைசி வரியையும் எழுதத் துணியமாட்டேன்.

இனி டீச்சர் நீங்கள்தான். வகுப்பு கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு மட்டும் எல்லாக் கைகளும் தெரிகின்றன. குருவிக்குக் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது, இன்னொரு கையால் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.