ரஹீம் பாயின் கண்

கோல்ஃப் மைதானத்தின் பதினெட்டாவது க்ரீனில், குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில், பந்து குழியின் விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே போய் நின்றது. மூன்றடி தூரம்தான். சின்னப் பிள்ளைகூட உருட்டிப் போட்டுவிடும்.

"என் தப்பு மணி," என்றார் ரஹீம் பாய், சுற்றி நின்றவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி. "லெஃப்ட்ல சாயும்னு சொல்லிட்டேன். நேராவே இருந்திருக்கு."

மணிவண்ணன் தலையை மட்டும் ஆட்டினான். பாய் அப்படிச் சொல்லவே இல்லை. நேராக அடி என்றுதான் காதோரம் சொல்லியிருந்தார்.

லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவரின் மகன் மணிவண்ணன். தாத்தா காலத்திலேயே அரக்கோணத்திலிருந்து செகந்திராபாத் வந்துவிட்ட குடும்பம். பள்ளிக்கூடம் விட்டதும் பெரிய மனிதர்களின் கோல்ஃப் பையைச் சுமக்கப் போனவன், அவர்கள் கழித்துப் போட்ட மட்டையை வைத்து அடிக்கப் பழகி, தொழில்முறை ஆட்டக்காரனாகவே ஆகிவிட்டான். சண்டிகர், கொல்கத்தா, ஜாம்ஷெட்பூர் என்று ஊர் ஊராகப் போட்டி. ஸ்லீப்பர் கோச்சின் மேல் பெர்த்தில் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிய இரவுகளுக்குக் கணக்கே இல்லை. இரண்டு கோப்பைகள் ஜெயித்தான். முதல் தடவை பேப்பரில் படம் வந்தது. பெயரை மணிகண்டன் என்று போட்டிருந்தார்கள்.

அந்த இரண்டு தடவையும் அவன் பையைத் தூக்கியவர் அப்துல் ரஹீம். வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வந்து மெட்டுகுடாவில் தங்கிவிட்ட குடும்பத்துக்காரர். கோல்ஃபில் கேடி என்றால் பை தூக்குகிறவர் மட்டுமில்லை. க்ரீனில் புல் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது, தரை எங்கே சரிகிறது, பந்து எப்படி வளையும் என்று பார்த்து 'லைன்' சொல்கிறவரும் அவர்தான். பாய் சொன்ன லைன் தப்பாது என்று ஒரு காலத்தில் வடக்கத்தி ஆட்டக்காரர்கள்கூடப் பேசிக்கொண்டார்கள்.

இப்போது மணிவண்ணனுக்கு நாற்பத்தைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. முழங்காலில் பெல்ட், முதுகில் தைலம். அதையெல்லாம் சமாளித்துவிடலாம். தூரத்து அடிகள் இன்னும் ஒழுங்காகத்தான் போயின. குழிக்குப் பக்கத்தில் வந்து மெல்ல உருட்ட வேண்டிய இடத்தில்தான் வலது மணிக்கட்டு, தூக்கத்தில் கால் உதறுமே, அந்த மாதிரி திடுக்கென்று ஒரு உதறு உதறும். இந்த நோவுக்கு ஒரு பெயர் உண்டு. ராத்திரியில் பாம்பு என்று வாயெடுக்காத மாதிரி ஆட்டக்காரர்கள் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். மணிவண்ணனும் சொன்னதில்லை, பாயும் சொன்னதில்லை. ஒவ்வொரு தடவை தவறும்போதும் பாய் 'என் தப்பு' என்பார். இரண்டு வருஷமாக அந்த நிழலில் அவன் சுகமாக உட்கார்ந்திருந்தான்.

ஸ்கோர் கார்டைக் கொடுத்துவிட்டு, கூடாரத்துக்குப் பின்னால் இருந்த குழாயில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது துணிக்கு அந்தப் பக்கம் பேச்சுக் கேட்டது. ஹப்சிகுடா பையன் ஹர்ஷா, இந்த வருஷம் எங்கே போனாலும் முதல் பத்துக்குள் வருகிறவன், ஆண்டனியிடம் பேசிக்கொண்டிருந்தான். ஆண்டனி மணிவண்ணன் காலத்து ஆட்டக்காரன்.

"அங்கிள், ரஹீம் பாயைக் கேக்கலாம்னு ரொம்ப நாளா நெனக்கறேன். கோச் வேண்டாம்ங்கறார். அவருக்குக் கண்ணு போயிடுத்தாமே. மூணடி லைன்கூட தப்பா சொல்றாராம்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க," என்றான் ஆண்டனி. "பாவம், மணிதான் விடாம வச்சிருக்கான். வேற யாரு கூப்புடுவா?"

தண்ணீர் முழங்கை வழியே ஒழுகியது. மணிவண்ணன் குழாயை மூட மறந்து நின்றான். பாய் தன்னிடம் ஒட்டிக்கொண்டிருப்பதாக ஊர் பேசுகிறது. பாய்க்கும் இது தெரியாமல் இருக்காது.

வீட்டில் மனைவி சுமலதா சுடுதண்ணீர்ப் பையை அவன் முழங்காலில் வைத்தாள். "அந்த மாதாப்பூர்காரங்க இன்னிக்கும் போன் பண்ணாங்க. ஐ.டி. ஆளுங்களுக்குக் கோல்ஃப் கத்துக் குடுக்கணுமாம். என்னா சொல்றது?"

"அப்புறம் பாக்கலாம்."

"அப்புறம்னா?"

அவன் சுடுதண்ணீர்ப் பையை மறுபக்கம் திருப்பி வைத்தான். அந்த 'அப்புறம்' அவளுக்குப் பழகிப்போன வார்த்தை.

மறுநாள் இரண்டாவது சுற்று. இதன் முடிவில் பாதிப் பேரைக் கழித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று பேர் கொண்ட குழுவில் ஹர்ஷாவும் இருந்தான். பாறைகளுக்கு நடுவே வெயில் காலையிலேயே ஏறிவிட்டது. பாய் பையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

"பாய், உங்களுக்குக் கண்ணு நல்லா தெரியுதில்ல?"

"ஹவ், தெரியுதே. கைக்கு கேக்கறே?" பாயின் தமிழில் தக்கனி உருது கலந்துவிடும்; ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு.

"ஒண்ணுமில்ல."

ஒன்பதாவது க்ரீனில் மறுபடி அதே மூன்றடி. பாய் குனிந்து பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார். "குழிக்கு ரைட் ஓரம். அவ்ளோதான்," என்று தாழ்ந்த குரலில் சொன்னார். மணிவண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மட்டையை அசைத்தான். மணிக்கட்டு உதறியது. பந்து குழியைப் பார்க்கவே இல்லை.

"என் தப்பு மணி, நான் லைன்..."

"லைன் சரிதான் பாய்."

பாய் வாயை மூடச் சொல்வதுபோலக் கண்ணைக் காட்டினார். மணிவண்ணன் நிறுத்தவில்லை. ஹர்ஷாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

"பாய் ரைட் ஓரம்னுதான் சொன்னாரு. நேத்தும் சரியாத்தான் சொன்னாரு. அவரு கண்ணுக்கு ஒண்ணும் இல்லப்பா. என் கை உதறுது. ரெண்டு வருஷமா உதறுது."

மூன்றாவது ஆட்டக்காரன் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டான். ஹர்ஷா தன் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் இடத்துக்குப் போகும் வழியில் பாய் முன்னால் விடுவிடுவென்று நடந்தார். பிறகு நின்று திரும்பினார். "கைக்கு சொன்னே? நாலு பேரு முன்னால? இனி உன்ன யாரு மதிப்பா? ஸ்பான்சர் காதுக்குப் போவாதா?"

"உங்கள யாரு மதிச்சாங்க பாய், இத்தன நாளா?"

"என்னப் பத்தி நான் கேட்டனா?"

மீதி ஒன்பது குழிகளிலும் பாய் தூரத்தையும் லைனையும் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்விட்டுச் சொல்லிவிட்டால் கை அடங்கிவிடும் என்று மணிவண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. அடங்கவில்லை. இன்னும் இரண்டு தவறின. ஆனால் தவறிய பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் நழுவ வேண்டியிருக்கவில்லை. அது மட்டும்தான் வித்தியாசம். சுற்று முடிந்தபோது அவன் பெயர் கழிந்தவர்கள் பக்கம் இருந்தது.

ஹர்ஷா பார்க்கிங்கில் வந்து நின்றான். என்ன கேட்க வந்திருக்கிறான் என்று இருவருக்கும் தெரிந்தது.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்கோ. அடுத்த வாரம் புனே. பாய் வந்தார்னா..."

"நக்கோ," என்றார் பாய் உடனே, வேண்டாம் என்று கையை ஆட்டி. "நான் மணியோட ஆளு."

"மணி இனிமே வரல பாய்," என்றான் மணிவண்ணன்.

பாய் அவனை நிமிர்ந்து பார்த்தார். "எப்ப முடிவு பண்ணே?"

"இப்பத்தான். சொன்னப்புறம்தான் எனக்கே தெரியும்."

ஹர்ஷா நாகரிகமாகத் தள்ளிப் போய்விட்டான். பாய் நிழலில் கிடந்த பாறைமேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காலுறை கட்டைவிரல் பக்கம் கிழிந்திருந்தது. மணிவண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டாவது கப்பு ஜெயிச்சப்பவே விட்டிருக்கலாம் நீ," என்றார் பாய் கடைசியில்.

"அப்ப நீங்க சொல்லலியே."

"சொன்னா கேட்டிருப்பியா?"

"மாட்டேன்."

பாய் லேசாகச் சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "அந்தப் புள்ள ரொம்ப வேகமா நடக்குது மணி. என் காலு தாங்குமா?"

"மெதுவா நடன்னு சொல்லுங்க. உங்க பேச்சக் கேப்பான்."

சாயங்காலம் வரை பாய் பிடிகொடுக்கவில்லை. பிறகு போன் பண்ணி, புனேவுக்கு மட்டும் போய்ப் பார்க்கிறேன் என்றார். குரலில் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மணிவண்ணன் சரி பாய் என்றான்.

சுமலதா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், "மாதாப்பூர் நம்பர் இதுலதான் இருக்கு," என்றாள்.

"நாளைக்குப் பேசறேன்."

அவள் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். 'நாளைக்கு' என்று அவன் சொல்லி அவள் கேட்டதில்லை. "சரி. சாப்டுட்டுப் படுங்க."

ரசம் சோறு சாப்பிட்டான். முழங்கால் பெல்ட்டைக் கழற்றக்கூடத் தெம்பில்லாமல் அப்படியே சாய்ந்தான். மகள் வந்து 'நானா' என்று அப்பாவைக் கூப்பிட்டு ஏதோ தெலுங்கில் கேட்டது அரைகுறையாகக் காதில் விழுந்தது. "நானாவை எழுப்பாத," என்று சுமலதா சொன்னாள். அதற்குள் அவன் தூங்கிவிட்டிருந்தான்.