வாசலில் ஒரு பலகை

மீன் ஏற்ற வந்த வேன் அன்றைக்கும் கோமளாவின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஆட்டோ உள்ளே வர வழியில்லை. கணவன் முரளியை அவளும் ஆட்டோக்கார அஃப்னானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித் தெருமுனைவரை நடத்திப் போனார்கள். பாதி வழியில் அவன் கால் மடங்கி, ஐஸ் தண்ணீர் வழிந்துகிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். சிறுநீரகம் பழுதாகி, பொன்னேரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறவன். கோமளாவுக்கு வந்த ஆத்திரத்தில் வேன் கண்ணாடியை உடைத்திருப்பாள். கையில் அவன் இருந்தான்.

வாசலில் 'இங்கே வண்டி நிறுத்தாதீர்' என்று ஒரு பலகை, அவ்வளவுதான் அவள் கேட்டது. போலீஸ் ஸ்டேஷனில் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போகச் சொன்னார்கள். பஞ்சாயத்து ஆபீசில், முதலில் ஊர் ஒப்புக்கொள்ளட்டும் என்றார்கள். ஊர் என்றால் குப்பத்து ஆண்கள் கூடும் கூட்டம். அங்கே பெண்கள் ஓரமாக நின்று கேட்கலாம், பேசக் கூடாது. கேட்பதற்காவது விடுகிறார்களே!

"ஊட்டு ஆம்பள வந்து கேக்கணும்மா, அதான் மொற" என்றார் ஊர்ப் பெரியதனக்காரர்.

முரளி மறுத்தான். படுத்ததிலிருந்து அவன் ஊரார் நடுவே போய் உட்கார்ந்ததில்லை. கோமளா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் அவன் தலையாட்டியதும், என்ன பேசுவதென்றும் அவளே சொல்லிக்கொடுத்தாள்.

"பூசி மெழுகாத. என்னால நடக்க முடியல, இனிமே முடியாதுன்னு டாக்டரு சொல்ட்டாருனு சொல்லு. அப்பதான் மனசு எறங்குவாங்க."

பிளாஸ்டிக் நாற்காலியோடு அவனைத் தூக்கிப் போய்க் கோயில் முன்னால் வைத்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. பலகைக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. தள்ளி நின்ற கோமளாவுக்கு நிம்மதியில் கண் கலங்கியது.

பெரியதனக்காரர் தொண்டையைச் செருமினார்.

ஏரியில் யார் என்றைக்கு எந்த இடத்தில் வலை வைப்பது என்று ஊர் பிரித்துக்கொடுக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். தண்ணீரில் இறங்க முடிந்தவனுக்குத்தான் பாடு. முரளி படுத்த பிறகும் பாடுப் பட்டியலிலிருந்து அவன் பேரை யாரும் எடுக்கவில்லை. 'வந்துடுவான்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவன் முறை வரும் நாளில் அவன் தம்பி வலை வைத்து, கிடைத்ததில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான். அதில்தான் அடுப்பு எரிந்தது. அவன் வரமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல மனிதர்கள், தெரியாததுபோல இருந்தார்கள்.

"முரளி, நீயே சபைல சொல்ட்ட. இனிமே எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாதுப்பா. உன் பேர எடுத்துர்றோம். தப்பா நெனச்சிக்காத."

"செரிண்ணா" என்றான் முரளி.

'அவரு நடப்பாரு, நல்லா நடப்பாரு' என்று கத்த வேண்டும்போல் கோமளாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அவனை அப்படிப் பேசவைத்ததே அவள்தானே.

பலகை வைத்தாகிவிட்டது. அடுத்த முறை ஆட்டோ படியை உரசிக்கொண்டு வந்து நின்றது.

"இன்னாக்கா, வழி சோக்கா கீது!" என்று சிரித்தான் அஃப்னான்.

கோமளா கை கொடுத்தாள். முரளி அதைத் தள்ளிவிட்டான். ஆட்டோவைத் தாண்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினான். எதிரே மீன் ஏலக் கொட்டகையில் இருந்த ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏறுய்யா, உனுக்குப் புண்ணியமா போவும்!" என்று கெஞ்சினாள் கோமளா.

அவன் ஏறவில்லை. சுவர் முடிந்ததும் கையை எடுத்துவிட்டு, அவர்கள் பார்க்கும்படி தலையை நிமிர்த்திக்கொண்டு, கால் நடுங்க நடுங்க நடந்தான். அவனைத் தொடப் பயந்து இரண்டடி தள்ளியே கோமளா போனாள். அவள் பின்னால் காலி ஆட்டோ மெதுவாக ஊர்ந்து வந்தது.