கல்வெட்டுக்குத் தராத வார்த்தை

காலை ஆறரைக்கு எழுந்து பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது கட்சிச் செயலாளர் வந்தார்.

என் மனைவி ஆறு வருடம் இந்த வார்டின் கவுன்சிலர். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தனியாக ஓர் அறை வேண்டுமென்று நகராட்சியை நச்சரித்தே கட்ட வைத்தாள். அடுத்த வாரம் திறப்பு விழா. அவள் இறந்து இருபது நாள் ஆகிறது.

"தம்பி, கல்வெட்டுல அவங்க கடைசியா சொன்னதைப் போடறோம். 'என் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்'னு எழுதியிருக்கேன். சரிதானே?"

"அவ அப்படிச் சொல்லலண்ணே."

"சொன்னதாப் போட்டா என்னப்பா குறைஞ்சிடும்? கைதட்டல் அள்ளும்!"

"பேரை மட்டும் போடுங்க."

"அப்ப என்னதான் சொன்னாங்க?"

நான் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவள் இறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் தேவைப்பட்டது. என்னுடையது பொருந்தியது. ஊசியைப் பார்த்தாலே எனக்கு உதறும். நர்ஸ் என்னைக் கூப்பிட வந்ததும், அவள் படுத்தபடியே என் விரலைப் பிடித்துக்கொண்டு, தடுப்பூசிக்கு வரும் பிள்ளைகளிடம் பேசும் குரலில் கடைசியாகச் சொன்னாள்:

"குத்தும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கோடா தங்கம். அழுதாலும் பரவாயில்ல."